பக்கவாதத்தில் இறங்கிய தோளுக்கு எந்த பெல்ட் வாங்கலாம்?

மெடிக்கல் கடையில் போய், "ஸ்ட்ரோக் வந்தவருக்குக் கை பெல்ட் வேணுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு நீலநிறப் பையைத்தான் எடுத்து மேசைமேல் வைப்பார்கள். கழுத்தில் மாட்ட ஒரு பட்டை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையைப் போட்டுக்கொள்ள ஒரு பை. கை எலும்பு முறிந்தவர்களுக்கு அது நல்ல பொருள். பக்கவாதத்தில் தோள் இறங்கியவர்கள் நாள் முழுக்க மாட்டிக்கொள்ள அது ஏற்றதல்ல. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. தெரிந்துகொண்டு போகவேண்டியது நாம்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பல வருடம் செக்கிங் பார்த்தவள். ஒரு துணியைக் கையில் எடுத்தால் தையல், அளவு, எலாஸ்டிக்கின் இழுவை, ஓரம் மடித்த விதம் எல்லாம் முதலில் கண்ணில் படும். என் வீட்டுக்காரருக்கு மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் இடது காலும் செயலிழந்துவிட்டன. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கை வரவில்லை, தோளும் இறங்கிவிட்டது. அந்தத் தோளுக்காக நாங்கள் மூன்று வகைத் தாங்கிகளைப் பயன்படுத்தியிருக்கிறோம். மூன்றைப் பற்றியும் சொல்கிறேன். அதற்கு முன்னால் தோள் ஏன் இறங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் எந்த பெல்ட்டைப் பார்த்தாலும் நல்ல பெல்ட்டாகத்தான் தெரியும்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபி தம்பி வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுத்திருப்பவர்களுக்கு, நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபியும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தம்பிதான் முதலில் காட்டினார். "அக்கா, இங்க விரலை வைங்க" என்று என் விரலை எடுத்து என் வீட்டுக்காரரின் இடது தோளின் நுனி எலும்புக்குக் கீழே வைத்தார். அங்கே ஒரு பள்ளம். ஒரு விரல் முழுசாக உள்ளே போனது. வலது தோளில் அதே இடத்தில் வைத்தால் விரலுக்கு இடமே இல்லை. கெட்டியாகத் தசை நிற்கிறது. அந்தப் பள்ளம்தான் தோள் இறங்கியதற்கு அடையாளம். டாக்டர்களும் ஒரு விரல் அளவு, அரை விரல் அளவு என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள்.

தோள் மூட்டில் பந்து பெரிது, குழி சிறிது, ஆழமும் இல்லை. சின்னத் தட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, தட்டைச் செங்குத்தாகப் பிடித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழம் விழாமல் இருக்க வேண்டுமென்றால் சுற்றிலும் யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் தோளில் அந்த வேலையைத் தசைகள் செய்கின்றன. முக்கியமாகத் தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பில் ஓடும் ஒரு சிறிய தசையும், தோளின் பின்பக்கத் தசையும். மூளையிலிருந்து வரும் கட்டளை நின்றதும் இவை தளர்ந்துவிடுகின்றன. ஒரு மனிதரின் கை, உடல் எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 70 கிலோ மனிதருக்கு 3.5 கிலோ. அவ்வளவு எடையும் நின்றால், நடந்தால், உட்கார்ந்தால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வையும் நாரையும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. தசை திரும்பி வந்தாலும், நீண்டுபோன சவ்வு அவ்வளவு சீக்கிரம் சுருங்கி வராது. ஆகவே, தசை விழித்துக்கொள்ளும் வரை மூட்டு இழுபடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெல்ட்டின் வேலை. அது குணப்படுத்துவதில்லை, சேதம் கூடாமல் காவல் காக்கிறது.

இன்னொன்றும் தம்பி சொன்னார். தோள் இறங்கிய எல்லோருக்கும் வலி வருவதில்லை. வலி உள்ள எல்லோருக்கும் தோள் இறங்கியிருப்பதும் இல்லை. வலிக்கு வேறு காரணங்களும் உண்டு: மூட்டு இறுகிப்போவது, தசை முறுக்கிக்கொள்வது, யாராவது கையைப் பிடித்து இழுத்ததில் உள்ளே காயம்படுவது. அதனால் பெல்ட் போட்டும் வலி குறையவில்லை என்றால் இன்னும் இறுக்கிக் கட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சரி, பொருளுக்கு வருவோம்.

முதலாவது, அந்த நீலப் பை. நானூறு ரூபாய்க்குள் கிடைத்தது. மாட்டுவது சுலபம், யாரும் மாட்டிவிடலாம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, ஆட்டோவில் ஏற்றி இறக்கும்போது, கை எங்காவது மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவியது. என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே ஆரம்பத்தில் நினைவில் நிற்காது. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் சிலருக்கு இப்படி ஆகும். கதவு இடுக்கில், சக்கரத்தின் கம்பிக்குள் கை போனால்கூட அவருக்குத் தெரியாது. அந்த நாட்களில் பை ஒரு பாதுகாப்பு. பை போட்டு நடக்கும்போது சிலருக்கு நடை சீராகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இதையெல்லாம் மறைக்கக்கூடாது.

ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். கையின் எடை முழுவதையும் கழுத்தில் கொண்டுபோய் வைக்கிறது. ஓர் அங்குலப் பட்டை, உள்ளே பஞ்சு இல்லை, ஓரத்தை மடிக்காமல் சூடு வைத்து வெட்டியிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் இப்படி ஓரம் வந்தால் அந்த பீஸ் அப்படியே ரிஜெக்ட். பின்கழுத்தில் சிவந்த கோடு விழுந்தது. கழுத்து வலிக்கிறது என்று அவர் தலையை ஒரு பக்கம் சாய்க்க ஆரம்பித்தார். பையும் முழங்கையில் ஆழம் போதாமல், கை முன்னால் சரிந்து மணிக்கட்டு வெளியே தொங்கியது. மாலையில் விரல்கள் வீங்கின.

இதையெல்லாம் தைத்துச் சரிசெய்யலாம். பட்டையை அகலமாக்கலாம், பஞ்சு வைக்கலாம், பையை நீட்டலாம். சரிசெய்யவே முடியாத குறை ஒன்று உண்டு. பை, கையை நெஞ்சோடு ஒட்டி, உள்பக்கம் திருப்பி, முழங்கையை மடக்கி வைக்கிறது. பக்கவாதத்தில் முதலில் தளர்ந்து கிடக்கும் கை, பிறகு முறுக்கேறும்போது சரியாக இந்த நிலைக்குத்தான் போகும்: மேற்கை நெஞ்சோடு ஒட்டும், முழங்கை மடங்கும், விரல்கள் மூடிக்கொள்ளும். நாம் எந்த நிலையிலிருந்து கையைக் காப்பாற்றப் பார்க்கிறோமோ, பை அதே நிலையில் கையை நாள் முழுக்கப் பழக்குகிறது. தோளும் அசைவில்லாமல் இறுகுகிறது. "நடக்கும்போது மட்டும் போடுங்கக்கா, உட்கார்ந்ததும் கழட்டிருங்க" என்று தம்பி திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

வெளியே போகும்போது இன்னொரு தொல்லை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஏனுங்க, கை ஒடைஞ்சு போச்சுங்களா?" என்பார்கள். அவருக்குப் பேச்சு தெளிவாக வராத நாட்கள் அவை. பதில் சொல்ல முடியாமல் முகம் சுருங்கும். அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டாவது, ஆன்லைனில் வாங்கிய தோள் உறை. நியோபிரீன் என்கிற ரப்பர் நுரைத் துணியில் தைத்தது. தோளையும் மேற்கையையும் மூடி, ஒரு பட்டை நெஞ்சைச் சுற்றி எதிர்ப்பக்க அக்குளுக்குக் கீழே வந்து ஒட்டிக்கொள்ளும். படத்தில் பார்த்தால் மருத்துவத்தரம் மாதிரியே இருந்தது. விளக்கத்தில் "ஸ்ட்ரோக் உட்பட எல்லாத் தோள் பிரச்சினைக்கும்" என்று போட்டிருந்தார்கள். அந்த "எல்லா" என்ற சொல்லைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். விளையாட்டில் அடிபட்ட தோளும், கூலி வேலையில் தேய்ந்த தோளும், பக்கவாதத் தோளும் ஒன்றல்ல.

இந்த உறை தோளை அணைத்துக்கொள்கிறது, கையைத் தூக்குவதில்லை. 3.5 கிலோவை மேலே தாங்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு பிடிமானம் கீழே வேண்டும். மேற்கை மேலிருந்து கீழே வரவர ஒடுங்கிக்கொண்டே போகிறது. அதைச் சுற்றி எவ்வளவு இறுக்கினாலும் உறை மெல்ல வழுக்கி இறங்கத்தான் செய்யும். காலையில் கட்டியது பத்து மணிக்குள் ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். வழுக்கக்கூடாது என்று இறுக்கினால் கை நீலம் பாரிக்கும். விரலை வைத்துப் பார்த்தால் பள்ளம் அப்படியே இருந்தது.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நியோபிரீனில் காற்று போகாது. ஏப்ரல், மே மாதத்தில் உள்ளே வியர்வை தேங்கி, அக்குளில் படை வந்து, களிம்பு போட்டு ஆற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பவுடர் போட்டால் வியர்வையில் கட்டிகட்டியாகிப் புண்ணை இன்னும் அரிக்கிறது, போடாதீர்கள். உணர்ச்சி குறைந்த கை என்பதால் அரிப்பதும் எரிவதும் அவருக்குத் தெரியவில்லை. நான் துணியை விலக்கிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

ஒரு நல்லது சொல்ல வேண்டும். மார்கழிக் காலையில் அந்தக் கதகதப்பு அவருக்குப் பிடித்திருந்தது. தோள் இறங்காமல், குளிருக்கு மட்டும் வலிக்கிறவர்களுக்கு இது இதமாக இருக்கலாம். அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பக் கேட்டபோது, போட்டுப் பார்த்த பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று விற்றவர்கள் கைவிரித்துவிட்டார்கள். போட்டுப் பார்க்காமல் அளவு எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

மூன்றாவதுதான் நான் விரிவாகச் சொல்ல நினைத்தது. கோவையில் செயற்கைக் கால், காலுக்குத் தாங்கலாகப் போடும் காலிப்பர் எல்லாம் செய்யும் ஓர் இடத்துக்கு, அரசு ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிய சீட்டோடு போனோம். அங்கே இருந்தவர் முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் பிடித்தது: "ஐயா எதுக்காகப் போடப் போறாரு? நடக்கவா, உட்காரவா?" நடக்கத்தான் என்றோம். தெருமுனை டீக்கடை வரைக்கும் தானாக நடந்து போய்வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அவர் காட்டிய வகையில் இரண்டு பாகம். ஒன்று, தோளின் மேல் உட்கார்ந்து நெஞ்சையும் முதுகையும் சுற்றி வலது அக்குளுக்குக் கீழே பூட்டிக்கொள்ளும் மேல்பாகம். இன்னொன்று, முழங்கைக்குக் கீழே, முன்கையில் போடும் உறை. இரண்டையும் முன்னாலும் பின்னாலும் இரண்டு பட்டைகள் இணைக்கின்றன. இதில்தான் விஷயம் இருக்கிறது. பிடிமானம் முன்கையில், முழங்கைக்கு அடுத்த சதைப்பற்றான இடத்தில் விழுகிறது. பட்டைகளை இழுத்தால் முழுக் கையும் மேலே ஏறி, பந்து குழிக்கு நேராக வந்து உட்கார்கிறது. எடை கழுத்துக்குப் போவதில்லை. தோள், முதுகு, எதிர்ப்பக்க விலா என்று பிரிந்து போகிறது. முழங்கை மடங்காமல் கை பக்கவாட்டில் தொங்குகிறது. நடந்தால் கையும் லேசாக ஆடுகிறது. பட்டைகளை மாற்றி ஒட்டினால் கை உள்ளே திரும்பிக்கொள்ளாமல் சற்று வெளியே திருப்பி வைக்கவும் முடிகிறது.

இந்த வகையில் பெயர்பெற்றது ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் செய்யும் ஓமோ நியூரெக்சா. அதை அங்கேயே போட்டுப் பார்த்தோம். துணியின் உள்பக்கம் வழுக்காமல் தோலோடு நிற்கிறது, ஓரங்கள் எல்லாம் மென்மையாக முடித்திருக்கிறார்கள். செக்கிங் பார்த்த கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், நேர்த்தியான வேலை. விலைதான் எங்கள் வசதிக்கு மேலே இருந்தது. வசதியுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். அமெரிக்காவில் கிவ்மோர் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதில் உள்ளங்கையில் ஒரு பிடி வரும், பட்டைகள் கையை நீட்டினாற்போலவே தாங்கும். எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அது மூட்டை நன்றாகவே நேராக்கியது. நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

அந்த இடத்திலேயே அளவெடுத்து, இரண்டு பாக அமைப்பில் எங்களுக்கு ஒன்று செய்து கொடுத்தார்கள். நான்காயிரத்துக்கு மேல் ஆனது. மேலே மெஷ் துணி, நடுவில் மெல்லிய நுரை, உள்ளே பருத்தி. பட்டை சேரும் இடத்தில் எல்லாம் பெட்டித் தையல் போட்டு, நடுவில் குறுக்காக அடித்திருந்தார்கள். இழுவை அதிகமுள்ள இடத்தில் அப்படித்தான் போட வேண்டும். அக்குள் பக்கத் தையல் மட்டும் உள்ளே துருத்திக்கொண்டு நின்றது. கையால் காட்டிச் சொன்னேன். தையலை வெளிப்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய பைப்பிங் கொடுத்து மாற்றித் தந்தார்கள். வெல்க்ரோவின் மூலைகளையும் வட்டமாக வெட்டச் சொன்னேன். கூரான மூலைதான் தோலைக் கீறும். பூட்டும் பட்டையை வலது கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக் கொடுத்ததால் நெஞ்சுப் பட்டையை அவரே இழுத்து ஒட்டிக்கொள்கிறார். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியலாம். தினமும் போடுகிற பொருளில் சின்ன விஷயம் என்று எதுவும் கிடையாது.

போடும் முறையைத் தம்பியும் அவர்களும் சேர்ந்து கற்றுக்கொடுத்தார்கள். முதலில் அவரைக் கைப்பிடியுள்ள நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, இடது கையை மேசைமேல் தலையணையில் வைக்க வேண்டும். தொங்கும் கையில் பெல்ட் கட்டவே கூடாது. பள்ளத்தோடு சேர்த்துக் கட்டியதாகிவிடும். அப்புறம் மேல்பாகம், நெஞ்சுப் பட்டை, முன்கை உறை. கடைசியாக, முழங்கையை அடியிலிருந்து ஒரு கையால் ஏந்தித் தூக்கிக்கொண்டு, இணைப்புப் பட்டைகளை இழுத்து ஒட்ட வேண்டும். ஒட்டியபின் விரலை வைத்துப் பார்த்தால் பள்ளம் இருக்கக்கூடாது. அதே சமயம் இடது தோள் வலதைவிட உயரமாகவும் போகக்கூடாது. அதிகமாகத் தூக்கினால் பந்து மேலே இடித்து, அதுவே வலியாகும். நெஞ்சுப் பட்டைக்குள் இரண்டு விரல் போக வேண்டும். நகத்தின் நிறத்தையும் விரலின் சூட்டையும் பார்க்க வேண்டும்.

எங்கள் டாக்டர் பெல்ட் இல்லாமல் ஓர் எக்ஸ்ரே, போட்டுக்கொண்டு ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. புது பெல்ட் வாங்கினால் இதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தோள் நேராகத் தெரிவதும் உள்ளே மூட்டு நேராக இருப்பதும் வேறு வேறு.

நடையில் மாற்றம் அன்றைக்கே தெரிந்தது. பை போட்டிருந்தபோது இடது பக்கமாகச் சாய்ந்து நடப்பார். இதில் நிமிர்ந்து நடக்கிறார். மேலே தொளதொளச் சட்டை போட்டுவிட்டால் பெல்ட் போட்டிருப்பதே வெளியே தெரியாது. டீக்கடையில் யாரும் கை ஒடைஞ்சு போச்சா என்று கேட்பதில்லை.

குறைகளும் சொல்கிறேன். ஒற்றை ஆளாக அவரால் முழுசாகப் போட்டுக்கொள்ள முடியாது. முன்கை உறைக்கும் இணைப்புப் பட்டைக்கும் இன்னொருவர் வேண்டும். தனியாக வாழ்கிறவர்களுக்கு இது பெரிய தடை. பழகும்வரை போடவே கால் மணி நேரம் ஆகும். கை வெளியே தொங்குவதால் விரல்கள் கதவிலோ சுவரிலோ இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், கையின் கீழ்ப்பாகம் தொங்குவதால் ரொம்ப நேரம் நின்றால் விரல் வீங்கத்தான் செய்கிறது. வந்ததும் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துவிடுவோம்.

இவ்வளவு சொன்னபிறகு ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2005-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் சர்வதேச அமைப்பான காக்ரேன், இந்தத் தாங்கிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தரமானவை என்று எடுத்துக்கொண்டது நான்கே ஆய்வுகள், மொத்தம் 142 நோயாளிகள். கைத்தாங்கி தோள் இறங்குவதைத் தடுக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடிவு வந்தது. தோளில் பிளாஸ்திரிப் பட்டை ஒட்டுவது வலி தொடங்குவதைத் தள்ளிப்போடலாம், ஆனால் வலியின் அளவைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு 2012-இல் ஜெர்மனியில் இரண்டு பாகத் தாங்கி ஒன்றை 41 பேரிடம் சோதித்து, கை வீங்கி வலிக்கும் தொல்லை குறைந்ததாகக் கண்டார்கள். 2016-இல் பக்கவாத மறுவாழ்வுக்காக டாக்டர்களுக்கு வந்த அமெரிக்க வழிகாட்டுதலில், தோள் இறங்கியவர்களுக்குத் தாங்கி போடுவதைப் பரிசீலிக்கலாம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். "பெல்ட் போட்டால் கை வந்துவிடும்" என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். போட்டிருக்கும் நேரத்தில் மூட்டைச் சரியான இடத்தில் வைத்து, பயமில்லாமல் நடக்கவிடும். என் கணக்கில் அதற்கே கொடுத்த காசு தகும்.

அந்த வழிகாட்டுதலில் இன்னொன்றும் இருக்கிறது: மேலே கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து வாதப்பட்ட கையைத் தூக்கும் பயிற்சி வேண்டாம் என்பது. நம் ஊரில் இன்னும் பல வீட்டு வாசலில் அந்தக் கப்பியைப் பார்க்கிறேன். தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாமல் கையை மட்டும் மேலே இழுத்தால் உள்ளே தசைநார் நசுங்கும். உறவுக்காரர் யாராவது அன்போடு வாங்கிக்கொண்டு வந்து மாட்டினாலும், பிசியோவைக் கேட்காமல் தொடவேண்டாம்.

உட்காரும்போதும் படுக்கும்போதும் எங்கள் வீட்டில் எந்த பெல்ட்டும் கிடையாது. அந்த நேரத்துக்குத் தலையணைதான். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை முதல் விரல் நுனிவரை தாங்குகிற மாதிரி மடியிலும் கைப்பிடியிலும் தலையணை. சக்கர நாற்காலி என்றால் அதன் குறுக்கே ஒரு பலகைத் தட்டு. தச்சரிடம் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார், விளிம்பு உயர்ந்திருந்தால் கை நழுவாது. இடது பக்கம் சாய்ந்து படுக்கும்போது தோளின் நுனியில் எடை விழாமல், தோள்பட்டையைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுப் படுக்கவைக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி உட்காருவதிலும் படுப்பதிலும்தான் போகிறது. அந்த நேரத்தில் கை தொங்கினால், நடக்கும் அரை மணி நேரத்துக்கு எவ்வளவு விலையுள்ள பெல்ட் போட்டும் புண்ணியமில்லை.

எழுப்பும்போது கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்கக்கூடாது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் பாசத்தில் முதலில் செய்வதே அதுதான். இடுப்பில் அகலப் பட்டை கட்டி அதைப் பிடித்து எழுப்ப வேண்டும். நான் கட்டிலுக்கு மேலே, "இடது கையை இழுக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். யார் வந்தாலும் படிக்கிறார்கள்.

துவைப்பது பற்றி. வெல்க்ரோவை ஒட்டிவைத்துவிட்டுத்தான் துவைக்க வேண்டும். திறந்து கிடந்தால் நூல், முடி எல்லாம் சிக்கிப் பிடிமானம் போய்விடும். மெஷினில் போடாமல் கையால், வெந்நீர் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் உலர்த்த வேண்டும். எலாஸ்டிக் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். முடிந்தால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உள்ளே ஒரு பருத்தி உறை போட்டு, அதை மட்டும் தினமும் மாற்றுங்கள். பெல்ட்டை வாரம் ஒருமுறை துவைத்தால் போதும்.

சட்டை போடும்போது வாதப்பட்ட கை முதலில் உள்ளே போக வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். அவருடைய சட்டைகளை எல்லாம் பொத்தானை எடுத்துவிட்டு உள்ளே வெல்க்ரோ வைத்து, மேலே பொத்தான் மட்டும் தெரிகிற மாதிரி தைத்துவிட்டேன். இடது கை வளையத்தை அரை அங்குலம் இறக்கி அகலப்படுத்தினேன். பெல்ட்டுக்கு மேலே சிரமமில்லாமல் ஏறுகிறது.

இப்போது அவருக்குத் தோளை லேசாக உயர்த்த வருகிறது. மின்தூண்டல் சிகிச்சையும் கூடவே நடக்கிறது. பள்ளம் அரை விரலுக்குக் குறைந்திருக்கிறது. தசை தானாகப் பிடிக்க ஆரம்பித்ததும் பெல்ட் போடும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டார். எப்போதும் தாங்கிக்கொண்டே இருந்தால் தசைக்கு வேலை இருக்காது. ஆகவே வீட்டுக்குள் நடக்கும்போது பெல்ட் இல்லை, டீக்கடைக்கு மட்டும்தான்.

என் தீர்ப்பைக் கேட்டால்: பையை ஏற்றி இறக்கும் நேரத்துக்கு மட்டும் வாங்கி வையுங்கள். நியோபிரீன் உறையை, தோள் இறங்கியவருக்காக வாங்கவே வேண்டாம். நடக்கத் தொடங்கிய, தோள் இறங்கிய, உதவிக்கு ஆளுள்ள வீட்டுக்கு முன்கையில் பிடிக்கும் இரண்டு பாக வகை. அதையும் பிசியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆளைக் கூட்டிப்போய், போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உள்ளே போடும் பருத்தி உறையைக் கேட்டு இரண்டு மூன்று பேர் வந்தார்கள், அதனால் அளவையும் சொல்லிவிடுகிறேன். 180 ஜிஎஸ்எம் கனத்தில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பின்னிய காட்டன் இன்டர்லாக் துணி எடுங்கள். திருப்பூர் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைக்கும். சாதாரண டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்சி வேண்டாம், ஓரம் சுருண்டு பெல்ட்டுக்குள் வடமாகிவிடும். வாதப்பட்ட பக்கம் மட்டும் முக்கால் கை வைத்த அரை பனியன் மாதிரி வெட்டி, நல்ல பக்கத்தில் விலாவோடு திறந்து வெல்க்ரோ வையுங்கள், தலைவழியாக மாட்டத் தேவையிருக்காது. அக்குளில் தையல் வரவே கூடாது. அங்கே கையகல டைமண்ட் துண்டு ஒன்று வைத்து, தையலை மேற்கைக்கும் விலாவுக்கும் தள்ளிவிடுங்கள். ஓரம் தடித்து நிற்கும் ஓவர்லாக் தையல் போடாமல், தட்டையாகப் படியும் பிளாட்லாக் போட்டால் தோலில் உறுத்தாது. வெள்ளைத் துணியாக இருக்கட்டும். எங்காவது கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ உடனே கண்ணில் படும்.